தனுஷ்கோடிக்கு ரயில் எதற்கு?

புதிய பாம்பன் பாலத்தை 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தாலும் திறந்தார்கள், என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "அப்படியே தனுஷ்கோடி வரைக்கும் ரயிலை விட்டால் என்ன?" இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெறும் மணல், ஜன்னலோர சீட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

மணல்காட்டில் உல்லாச ரயில் விட்டவர்கள் உண்டு. துனிஷியா நாட்டில் மெத்லாவி என்ற ஊரிலிருந்து செல்ஜா மலையிடுக்குக்குள் போகும் வண்டிக்கு 'லெஸார் ரூஜ்' என்று பெயர். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது. 'சிவப்புப் பல்லி' என்று அர்த்தம்! அந்த நாட்டு மன்னர் பவனி போன பழைய பெட்டிகளில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக் காட்டினார்கள். மன்னருக்கு 'பே' என்று பட்டம். நம்மூர்ப் பேய் அல்ல.

ஆனால் அந்தத் தண்டவாளம் வேடிக்கை பார்க்கப் போட்டதில்லை. 1885-ல் பிலிப் தொமா என்ற பிரெஞ்சு ராணுவத்துக் கால்நடை மருத்துவர் அந்த வட்டாரத்தில் பாஸ்பேட் இருப்பதைக் கண்டுபிடித்தார். உரத்துக்கான அந்தப் பாறையை ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான் ரயில் பாதை வந்தது. மொரிட்டானியாவில் 1963 முதல் இரும்புத் தாதுவை ஏற்றிக்கொண்டு சகாராவில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஓடும் வண்டியும் இப்படித்தான். பாதைக்கான செலவைச் சரக்கு சுமக்கிறது. மனிதர்கள் தொற்றிக்கொண்டு போகிறார்கள்.

நம் தனுஷ்கோடி லைனும் வேலைக்காகப் போட்டதுதான். 1914-ல் போட் மெயில் ஓடத் தொடங்கியது. ரயிலை விட்டு இறங்கினால் கப்பல், கப்பலை விட்டு இறங்கினால் தலைமன்னார். ஆளும் சரக்கும் இலங்கைக்குப் போய் வந்தன. 1964 டிசம்பரில் அந்தப் புயல் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் போனார்கள். அதன் பிறகு அரசாங்கமே அந்த ஊரை மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது.

அந்த இடத்துக்குத்தான் ராமேஸ்வரத்திலிருந்து 17 கிலோமீட்டர் புதுப் பாதை போட 2019 மார்ச் 1-ஆம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். இன்று அங்கே கப்பலும் இல்லை, துறைமுகமும் இல்லை. குடியிருக்க ஆகாது என்று சொன்ன இடத்தில், பெட்டி பெட்டியாக ஜனங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது என்ன நியாயம்? காற்று அள்ளிக் கொட்டும் மணலைத் தண்டவாளத்திலிருந்து யார் தினமும் வாருவது? உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்குமா? பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை இருக்கிறது. பாம்பன் பாலமும் கடலில்தானே நிற்கிறது என்று ஒரு நண்பர் மடக்கினார். நிற்கிறது, ஆனால் அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கிறது, கோயில் இருக்கிறது, தினமும் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேடிக்கை ரயில் வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கிற லைனில் விடட்டும். குள்ளஞ்சாவடிக்காரர்களான நமக்கு குறிஞ்சிப்பாடி ஸ்டேஷன் பக்கம்தான். கடலூர் துறைமுகம் - விருத்தாசலம் பாதையில் சரக்கு வண்டி போகிறது, பயணிகள் வண்டியும் போகிறது. முந்திரித் தோப்பு, செம்மண், வடலூர், அப்புறம் நெய்வேலி. நிலக்கரிக்காகத் தோண்டிப் போட்ட மண் மலைமலையாகக் கிடப்பதை வெளியூர்க்காரர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? அந்தப் பள்ளத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் வழிகாட்டியாக வந்து விவரம் சொன்னால் அவர்களுக்கும் நாலு காசு. பாசஞ்சர் வண்டியில் பெரிய ஜன்னல் வைத்த இரண்டு பெட்டி சேர்த்தால் போதும். தைப்பூசத்துக்கு வடலூர் வரும் கூட்டத்தை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

டிக்கெட் விலையை மட்டும் ஏற்றிவிட வேண்டாம். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையை 2020-ல் நிறுத்தினார்கள். பென்ஷன்காரர்கள் நாங்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம்.