மனநல வார்டுகளில் நோயாளரின் சொல்லுக்கு இடம் வேண்டிச் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை;
மாநில மனநல ஆணையத்தின் தலைவர் மற்றும் உறுப்பினர்கள்.

அனுப்புநர்:
மனநோயினின்று மீண்டோரும் அவர்தம் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் நிர்வாகக் குழுவினர்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

இல்லாத குரல்கள் காதில் கேட்பதும், யாரோ தம்மைத் தொடர்ந்து வருவதாக அஞ்சி உறக்கமின்றி வாடுவதுமான சைக்கோஸிஸ் என்னும் கடும் மனநோய்க்கு ஆளாகி, மருத்துவமனைகளின் மனநல வார்டுகளில் வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் தங்கி மீண்டவர்களும், அவர்களுக்காக அந்த வார்டுகளின் வாயிலில் காத்துக் கிடந்த பெற்றோரும் உடன்பிறந்தாரும் அங்கத்தினராக உள்ள எங்கள் சங்கம், பல கூட்டங்களில் ஆலோசித்து ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானங்களைத் தங்கள் சமூகத்தில் பணிவுடன் சமர்ப்பிக்கிறது.

நாங்கள் மருந்துக்கு விரோதிகள் அல்லர். இம்மனுவில் கையொப்பமிடும் நிலையில் எங்களில் பலர் இன்று இருப்பதற்கு மருந்தும், இரவு பகல் பாராது உழைத்த மருத்துவர், செவிலியர் ஆகியோரின் கருணையுமே காரணம் என்பதை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஒரே செவிலியர் ஓர் இரவில் எத்தனை கட்டில்களைக் கவனித்தாக வேண்டியிருக்கிறது என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாங்கள்.

எனினும் ஓர் அனுபவத்தைச் சொல்லாமல் எங்கள் கோரிக்கையை விளக்க இயலாது. எங்கள் அங்கத்தினருள் ஒருவர் தையற்காரர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, உடைந்த கண்ணாடியால் தமக்கோ பிறர்க்கோ காயம் விளைவித்துவிடக் கூடும் என்று கருதி, அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உறையிலிட்டுப் பெயரெழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அந்த எச்சரிக்கையை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் பதினேழு நாள் வரையில் அதைத் திருப்பிக் கொடுப்பார் ஒருவருமில்லை. அவர் கேட்டார், பல முறை கேட்டார், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எதிரே நிற்பவரின் முகம் புகைபோல் மங்கித் தெரிந்தமையால் அவர் தலை கவிழ்ந்து பேச, முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பதும் நோயின் அடையாளமாகவே பதிவாயிற்று. பதினெட்டாம் நாள் மாற்றலாகி வந்த செவிலியர் ஒருவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன வேணும் அண்ணா, சொல்லுங்க" என்று கேட்ட பிறகே அலமாரி திறக்கப்பட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் அவர் செய்த முதற்காரியம், அந்தச் செவிலியரின் பெயர் அட்டையை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்ததுதான்.

ஆகையால் எங்கள் பிரதானமான கோரிக்கை இதுவே: வார்டில் சேர்க்கப்படும் ஒவ்வொருவருடைய கேஸ் ஷீட்டிலும் ஒரு பக்கம் அவருடைய சொந்தச் சொல்லுக்கென ஒதுக்கப்பட வேண்டும். எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார், எதைக் கண்டால் அஞ்சுகிறார், எது அவரை அமைதிப்படுத்துகிறது, முன்பு எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, கண்ணாடி, காதுக் கருவி, பல்செட்டு முதலியன உண்டா என்பவற்றை அவர் பேசும் மொழியிலேயே கேட்டு எழுதி, பேசும் நிலையில் முதல் நாள் இல்லையாயின் மூன்றாம் நாளும், அப்போதும் இயலாவிடின் அடுத்த வாரமும் மீண்டும் கேட்டு, மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது மற்றக் குறிப்புகளோடு அதையும் வாசிக்குமாறு சுற்றறிக்கை பிறப்பிக்க வேண்டுகிறோம். பிரமையில் இருப்பவரின் வார்த்தையை எவ்வாறு நம்புவது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அண்டைவீட்டார் சாப்பாட்டில் விஷம் வைத்தார் என்பது பிரமையாக இருக்கலாம். பசி பிரமையாகாது, தாகமும் பல்வலியும் பிரமையாகா.

மருந்து விஷயத்தில் இவ்வாறு கேட்டறிவது இன்னும் அவசியமாகிறது. இந்நோய்க்குரிய ஊசிகளும் மாத்திரைகளும் சிலருக்கு ஓரிடத்தில் உட்காரவும் நிற்கவும் ஒட்டாத ஒரு தவிப்பை உண்டாக்குகின்றன என்பது மனநல மருத்துவர் அனைவரும் அறிந்த உண்மை. வெளிப் பார்வைக்கு அது நோயின் கொந்தளிப்பைப் போலவே தோன்றுவதால், அதைத் தணிப்பதாக எண்ணி அதே மருந்தின் அளவை உயர்த்த, தவிப்பு இன்னும் பெருகும் விபரீதமும் நேர்ந்துவிடுகிறது. உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று கேட்டாலொழிய இரண்டையும் பிரித்தறிவது கடினம். மருந்தின் பெயர், பயன், பக்கவிளைவு ஆகியவற்றை நோயாளருக்கு எளிய தமிழில் எடுத்துரைக்க நேரம் ஒதுக்கித் தருமாறும் வேண்டுகிறோம்.

நோயாளரைக் கட்டிவைப்பது குறித்தும் ஒரு கோரிக்கை உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில், சங்கிலியால் பிணிக்கப்பட்ட நிலையில் தீயிலிருந்து ஓட வழியின்றி 28 உயிர்கள் கருகியதை இந்த மாநிலம் மறந்திருக்க இயலாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்ததோடு, தனியறையில் அடைத்து வைப்பதையும் விலக்கி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு மார்க்கம் இல்லாதபோது மட்டுமே கட்டிவைக்கலாம் என்றும், ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டிவைத்தல் ஆகாது என்றும் 97ஆம் பிரிவில் தெளிவாக விதித்துள்ளது. கட்டிவைத்த நிகழ்ச்சிகள் யாவும் மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியே. அவ்வறிக்கைகளின் தொகுப்பை, எவர் பெயரும் வெளியாகாவண்ணம், ஆண்டுதோறும் பிரசுரிக்கக் கோருகிறோம். கட்டவிழ்த்தபின் அதே நாளில் நோயாளருடன் ஒருவர் அமர்ந்து, நடந்ததைப் பற்றிப் பேசுவதும் வழக்கமாக வேண்டும்; கட்டப்பட்ட இரவைப் பற்றி ஒருவரும் தம்மிடம் பேசவில்லை என்ற துயரம் எங்கள் அங்கத்தினர் பலரிடம் இன்றும் ஆறவில்லை.

கட்டாயமாக முடி மழிப்பதையும், சொந்த உடை உடுத்த விரும்புவோரைச் சீருடை அணியக் கட்டாயப்படுத்துவதையும் அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு விலக்கியிருக்கிறது. பேன் தொல்லையென்று இடுப்பளவுக் கூந்தலை இழந்த தாய்மாருக்காக இதை நினைவூட்டுகிறோம். பேன் சீப்புக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு அற்பமானது.

நோய் தணிந்திருக்கும் காலத்தில், மீண்டும் நோயுற்றால் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தமக்காகப் பேசும் பிரதிநிதி ஒருவரை நியமிக்கவும் சட்டம் உரிமை அளித்திருந்தும், இவ்வுரிமையைக் கேள்வியுற்ற குடும்பங்கள் எங்கள் அனுபவத்தில் மிகச் சில. வீடு திரும்பும் நாளில் மாத்திரைச் சீட்டோடு இதற்கான படிவத்தையும் கொடுத்து, நிரப்ப உதவ வேண்டும். அந்நாளுக்கு முன்பே, எங்கு வசிப்பார், யார் துணை, எந்த வேலைக்குத் திரும்புவார் என்று நோயாளரையும் உடன் வைத்துக்கொண்டு ஆலோசித்தல் வேண்டும். குடும்பம் ஏற்க மறுத்தது என்ற ஒரே காரணத்தால் எவரையும் மருத்துவமனையிலேயே இருத்தி வைத்தல் கூடாதென்பது 19ஆம் பிரிவு. போக்கிடம் இல்லாதோர்க்கு ஊர்களுக்குள்ளேயே சிறு இல்லங்களை அரசு அதிகமாக அமைத்தாலன்றி அப்பிரிவு ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

நோயினின்று மீண்டவர்களைத் தக்க பயிற்சியும் ஊதியமும் அளித்து வார்டுகளில் துணையாளராக நியமிக்கவும் கோருகிறோம்.

இவற்றை நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகள் ஐவருக்குத் தாங்கள் பேட்டி அளித்தருள வேண்டுகிறோம். அவருள் மேற்சொன்ன தையற்காரரும் ஒருவர். சட்டப்படி கேட்டுப் பெற்ற தம் கேஸ் ஷீட்டின் நகலை அவர் கொண்டுவருவார்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தினர்கள்