மேளமும் பேசும்



ஆபிரிக்காவில் நைஜீரியா முதலிய நாடுகளில் யொருபா இனத்தார் வாழ்கின்றனர். அவர்களிடையே மேளம் வாசித்தல் குலவித்தை. மேளகாரக் குடும்பத்தினரின் பெயர்கள் பல ‘அயான்’ என்றே தொடங்கும். நமது உடுக்கைபோல் இடை சிறுத்த மேளத்தின் வார்களை அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அம்மொழியிலே தொனி மாறினால் பொருளும் மாறும். ஆகையால் மேளம் மெய்யாகவே பேசுகிறது. வைபவங்களில் ஒருவருடைய முன்னோரின் புகழை அது எடுத்துரைக்க, அவர் மகிழ்ந்து கலைஞரின் நெற்றியிலே பணத்தாளை ஒட்டுவார். புரவலரைப் பாடிப் பரிசில் பெற்ற நமது பாணரும் இத்தகையோரே.

நம்மவரில் தவிலைப் பேசவைத்தவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933 இல் இணுவிலில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, தமிழகத்தில் நாச்சியார்கோவில் இராகவபிள்ளையிடம் பயின்று, அளவெட்டியில் வாழ்ந்தவர். என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தோடு அவர் தவில் சேர்ந்தால் விடியும்வரை சனம் கலையாது என்று என் தகப்பனார் சொல்லுவார். 1975 இல், நாற்பதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே, அவர் மறைந்துவிட்டார். அப்போது நான் சிறு பிள்ளை. பின்னாளில் அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது.

சென்ற திருவிழாவுக்கு ஊரிலிருந்து வந்த தவிற்காரர் ஒருவர், விரல் நோகிறதென்று என்னிடம் கையைக் காட்டினார். கூடு மாட்டி அடித்தடித்து வலக்கை விரல்கள் தடித்திருந்தன. இடது உள்ளங்கையில் கழி பிடித்த காய்ப்பு. மருந்து எழுதிக்கொண்டே, “மகனுக்குப் பழக்கவில்லையோ?” என்று கேட்டேன்.

“இல்லை டொக்டர் ஐயா. வீதியிலை எங்கடை மேளத்தைப் புகழுவினம். பந்தியிலை கடைசியாத்தான் இருத்துவினம். அவன் படிக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

எனக்கு மறுமொழி வரவில்லை. முதல் நாளிரவு நாமெல்லோரும் உண்டு எழுந்த பின்பே அவருக்கு இலை போடப்பட்டது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விரல் நோவுக்கு என்னிடம் மருந்துண்டு. மற்ற நோவுக்கு மருந்து நம் எல்லோரிடமும் உண்டு. சிட்னியிலே வளரும் நம் பிள்ளைகளின் கலியாணத்துக்குக் கெட்டிமேளம் ஒலிப்பதிவில் வரப்போகிறதா, மனிதர் கையிலிருந்து வரப்போகிறதா என்பது அதைப் பொறுத்ததே. அடுத்த திருவிழாவில் மேளகாரரை முதற்பந்தியில் இருத்துவோம். தனி வாசிக்கும்போது கதையை நிறுத்தி அருகில் நின்று கேட்போம். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள்.