சலுகை அல்ல, உரிமை

அரசையும் மதத்தையும் பிரிக்கச் சொன்னாலே 'கடவுள் மறுப்பாளர்களின் சதி' என்று அலறுகிறவர்கள் அமெரிக்க வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும் என்பேன். அங்கே அந்தக் கோரிக்கையை உரக்க எழுப்பியவர்கள் ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்ட சிறுபான்மையினரான பாப்டிஸ்டுகள்.

வர்ஜீனியாவில் அன்று ஆங்கிலிக்கன் திருச்சபையே அரசு மதம். அதைச் சேராதவரும் அதற்கு வரி கட்ட வேண்டும். 1768இல் பாப்டிஸ்ட் போதகர்களைச் சிறையில் அடைத்தார்கள். குற்றம்? பொது அமைதியைக் குலைத்தார்களாம்! எந்தச் சபைக்காகவும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஜெஃபர்சன் எழுதிய சட்டம் 1786இல்தான் நிறைவேறியது.

1791இன் முதல் அரசியல் சட்டத் திருத்தமோ ஒன்றிய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. கனெக்டிகட் மாநிலத்தில் அரசுச் சபை தொடர்ந்தது. அங்கிருந்த டான்பரி பாப்டிஸ்டுகள் 1801இல் அதிபர் ஜெஃபர்சனிடம் முறையிட்டார்கள்: எங்கள் மதச் சுதந்திரம் உரிமையாக இல்லை, சலுகையாக இருக்கிறது என்று. 1802 சனவரி 1 அன்று அவர் எழுதிய பதிலில் இருக்கிறது அந்தப் புகழ்பெற்ற 'பிரிவினைச் சுவர்'.

ஆக, மதத்தை ஒழிக்க எழுந்த சுவரல்ல அது. ஆதிக்கச் சபையின் கையில் வரியும் சிறையும் சேராமல் தடுக்க எழுந்தது.

ஆனால் அந்தச் சுவர் எல்லோரையும் காக்கவில்லை. ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர். நாட் டர்னரின் அடிமைக் கிளர்ச்சிக்குப் பின், 1832இல், அதே வர்ஜீனியா கறுப்பின மக்கள் போதனை செய்யவே தடை போட்டது.

எனவே ஓர் அரசு மதச்சார்பற்றதா என்று அளக்க நான் கேட்பது இதைத்தான்: அடித்தட்டில் நிற்பவரின் மனச்சான்று அங்கே உரிமையா, சலுகையா?