ட்ரிப்ஸ் கேட்கும் தாத்தா

இரண்டு வயதுப் பேரனுக்கு ராத்திரி முழுக்க வாந்தி, பேதி. விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாத்தா கிளினிக்கில் கேட்பது ஒன்றுதான்: "ட்ரிப்ஸ் ஏத்திடலாமா டாக்டர்?" ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நீட்டினால் முகம் சுருங்கிவிடும். இந்த உப்புத் தண்ணிக்கா ஆட்டோ பிடித்து வந்தோம்?

அந்த முகச்சுருக்கத்துக்குப் பயந்தே பாக்கெட்டை எழுதாமல் விடுபவர்கள் உண்டு. கர்நாடகத்திலும் பீகாரிலும் நடத்தி, 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், குழந்தையின் தகப்பனைப் போல நடிகர்கள் தனியார் வைத்தியர்களிடம் போனார்கள். ஓ.ஆர்.எஸ். எழுதப்படாததில் சுமார் 42 விழுக்காட்டுக்குக் காரணம், 'வந்தவருக்கு இது பிடிக்காது' என்ற ஊகம். கடையில் சரக்கு இல்லை என்பதன் பங்கு வெறும் 6 விழுக்காடு. ஆக, தாத்தா வாய் திறந்து ஓ.ஆர்.எஸ். கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

ட்ரிப்ஸ் தீர்ந்துபோனதால் பேர் வாங்கியது இந்த உப்புத் தண்ணீர். 1971இல் வங்கதேச அகதிகள் நிறைந்திருந்த பன்காவ் முகாமில் காலரா. பாட்டில்கள் காலியானதும் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுகோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் கலந்து டிரம்களில் நிரப்பினார். கூட வந்த உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

"குடிச்சதையெல்லாம் கக்கிடறானே?" என்று தாய் கேட்பதும் நியாயம்தான். தாகத்தில் தவிக்கும் பிள்ளைக்கு டம்ளரோடு கொடுத்தால் கக்கத்தான் செய்யும். வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் பொறுத்து, ஓரிரு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் என்று கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும். அலுப்பான வேலை; மணிக்கணக்கில் மடியில் வைத்திருக்க வேண்டும். ஆனால் பேதியிலும் குடல் குளுகோஸையும் உப்பையும் சேர்த்தே உறிஞ்சும். தண்ணீர் கூடவே போகும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், கண்ணளவில் அல்ல. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

கண் குழிந்து, துவண்டு, குடிக்கவும் முடியாமல், சிறுநீரும் போகாமல் கிடந்தால், அல்லது மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. குடிக்க முடியாமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்குத்தான் ட்ரிப்ஸ் தேவைப்படும்.

இன்னொரு குழப்பம் கடை அலமாரியில் இருந்தது. சர்க்கரை மிகுந்த பழரசப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரோடு விற்றன. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் மல்லுக்கட்டியபின், 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது.

பாக்கெட்டை வீடுவீடாகக் கொடுப்பதோடு சுகாதாரத் துறை நின்றுவிடக் கூடாது; கரைக்கவும் கற்றுத்தர வேண்டும். வங்கதேசத்தில் 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் தண்ணீரில் கலக்கத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் வந்து அந்தத் தாயைக் கேட்டுப் பார்ப்பார். அவள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாளோ, அதற்கேற்பத்தான் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சம்பளம்.