புகையைப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்க்க மாட்டார்கள்

"சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் வீழ்ந்தது." பத்திரிகைத் தொழிலில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்போம், அவர்கள் சொல்வார்கள், நாம் எழுதுவோம். மழைக்காலமாயின் "சீரற்ற காலநிலை காரணமாக" என்று முன்னால் சேர்த்துக்கொள்வோம். விழுந்த வாகனத்தின் வைப்பர் வேலை செய்ததா என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. சென்ற ஜூலையில் என் சொந்தக் காரின் வைப்பர் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அன்று மாலை என் அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொட்டகலைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். ஹட்டன் நகரைத் தாண்டியதும் மழை கொட்டத் தொடங்கியது. தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கத்து மலைகளில் எப்படிப் பெய்யும் என்பதை ஊரை விட்டுப் போன வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஒரு வளைவில் வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. "ரோட்டே தெரியலையே தம்பி" என்றார் அத்தை. எனக்கும் தெரியவில்லை. எதிரே வந்த பஸ்ஸின் விளக்குகள் கண்ணாடி முழுவதும் கரைந்து பரவின. எப்படியோ ஓரங்கட்டினேன். அன்றைய பத்திரிகையைக் கசக்கிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஊர்ந்தே வீடு சேர்ந்தோம்.

மறுநாள் போன கராஜில் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "மோட்டார் போயிருச்சு, மாத்தணும்" என்றார்கள். விலை 28,000 ரூபா. என் கார் முப்பது வயதைக் கடந்த யப்பானியக் கார். பாகம் கிடைக்கக் கொழும்புக்குச் சொல்லி ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமாம். திரும்பிவிட்டேன்.

கொட்டகலையில் எனக்குத் தெரிந்த வயதான பாஸ் ஒருவர் இருக்கிறார். "சேர், சுவிச்சைப் போட்டுட்டுச் சும்மா இருங்க, சத்தம் கேக்குதா பார்ப்போம்" என்றார். நோயாளியின் நாடி பார்ப்பதைப் போன்ற காரியம் அது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக் கைகள் அசையாவிட்டால் பிழை மோட்டாரில் இல்லை. கையின் அடியிலுள்ள நட்டு தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே கம்பிகளை இணைக்கும் பிளாஸ்டிக் மூட்டு கழன்றிருக்கும். ஒரு கை மட்டும் நின்றால் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸ். அது நன்றாக இருந்தால் மோட்டாரின் இணைப்பில் சோதனை விளக்கை வைத்து மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ரிலேயும் சுவிச்சும்; வந்தும் சுழலாவிட்டால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மோட்டாரின் மீது பழி போடலாம்.

என் காரில் பியூஸ் எரிந்திருந்தது. அவர் உடனே புதியதைப் போட்டுவிடவில்லை. பியூஸ் காரணமில்லாமல் எரியாது என்றார். கண்ணாடிக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றினார். தேயிலை மலைகளின் நிழல்மரமான கிராவிலியாவின் சருகுகள் அங்கே மக்கிக் கிடந்தன. தண்ணீர் வடியும் துவாரம் அடைபட்டிருந்தது. தேங்கிய நீரில் வைப்பர் கையின் அச்சு துருவேறி இறுகி, மோட்டார் அதனோடு மல்லுக்கட்டி, மின்னோட்டம் கூடிப் பியூஸ் தன் கடமையைச் செய்திருக்கிறது. சருகை அள்ளி, அச்சைச் சுரண்டிக் கிறீஸ் பூசி, அதே அளவுள்ள பியூஸைப் போட்டார். கூலியோடு 1,500 ரூபா. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் பியூஸுக்குப் பதிலாகச் சுற்றி அனுப்பும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் வயர் எரிந்து காரே தீப்பிடிக்கலாம்.

கராஜோடு என் கோபம் முடிந்துவிடவில்லை. இந்தக் கார் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்ட கார். 2008 முதல் நம் நாட்டில் புகைப் பரிசோதனை இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. கார்பன் மொனொக்சைட் எவ்வளவு என்று அளந்து அச்சிட்டுத் தருவார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழாவது உண்டு. தனியார் காருக்கு அதுவும் இல்லை. சாரதிக்கு வீதி தெரிகிறதா என்று கேட்பார் எவருமில்லை. இதே கார் பிறந்த யப்பானில் 'ஷாக்கேன்' என்ற பரிசோதனையில் இரண்டு ஆண்டுக்கொருமுறை இதன் வைப்பரைப் பார்த்திருப்பார்கள். லண்டன் வாசகர்கள் எம்.ஓ.டி. பரிசோதனையை அறிவார்கள், அங்கும் வைப்பர் ஓடாவிட்டால் கார் தேறாது.

1903இல் வைப்பருக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பெண்மணி மேரி அண்டர்சனின் கண்டுபிடிப்பை வாங்க அன்று எந்த நிறுவனமும் முன்வரவில்லை. நம் அதிகாரிகள் இன்னும் அந்த நிறுவனங்களின் மனநிலையிலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு சான்றிதழ், இன்னொரு வரிசை, இன்னொரு கையூட்டு, அதைத்தான் கேட்கிறாயா என்றார் ஒரு நண்பர். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திறந்தும் சாதாரண மனிதன் புதிய கார் வாங்க முடியாது. இருக்கும் கிழட்டு வண்டியையும் ஓடவிடாமல் செய்யப் போகிறாயா என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. கிழட்டு வண்டிகள்தான் இன்னும் பல ஆண்டுகள் இந்த மலையேறப் போகின்றன என்பதாலேயே நான் இதைக் கேட்கிறேன். புதுச் சான்றிதழ் வேண்டாம். புகைப் பரிசோதனைக்கு எஞ்சின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி வைப்பரைப் போடச் சொல்லட்டும். அரை நிமிடம். ஓடாவிட்டால் அதே தாளில் எழுதி, ஒரு மாதத் தவணை கொடுக்கட்டும். பழுதுபார்க்க 1,500 ரூபா போதும் என்பதை நானே கண்டேன்.

என் பங்குக்கு, எங்கள் பகுதிச் செய்தியாளர்களிடம் ஒரு வழக்கத்தைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். மழைநாள் விபத்தென்றால் பொலிஸாரிடம் வைப்பரைப் பற்றியும் கேளுங்கள். இதுவரை இருவர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் வந்த பதில், "அதைப் பார்க்கவில்லை."