வாரியல் இழிசொல்லாம்! புரூம்சுடிக்கு உயர்சொல்லாம்!

மாங்காட்டில் நிகழ்ந்தது இது. நெல்லைப் பக்கத்தினின்று பிழைப்புத் தேடி வந்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணியாற்றும் ஒருவரின் மகள். எட்டு அகவைச் சிறுமி. ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் பயில்கின்றாள். வகுப்பறையில் சிதறிக் கிடந்த தாள் துணுக்குகளைக் கூட்டுதற்கு "வாரியல் எங்கே?" என்று கேட்டுவிட்டாளாம். ஆசிரியர் அம்மையார் சிரித்தாராம், வகுப்பே சிரித்ததாம். அது பட்டிக்காட்டுச் சொல்லாம். 'புரூம்சுடிக்கு' என்று சொல்லிப் பழக வேண்டுமாம்! வீடு திரும்பிய பிள்ளை தன் பாட்டியாரிடம், "ஆச்சி, நீ இனிமே வாரியல்னு சொல்லாத" என்று கட்டளையிட்டதை அம்மூதாட்டியே எம்மிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை, அன்பர்களே!

இதுபற்றி, அதே பள்ளியில் பணிபுரியும் வேறொருவரிடம் கேட்டோம். நன்கு படித்தவர், தமிழ்ப் பகைவரும் அல்லர். அவர் சொன்ன மறுமொழிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. "என்ன ஐயா செய்வது? உங்கள் தமிழில் ஊருக்கொரு சொல். ஒருத்தி துடைப்பம் என்கிறாள், ஒருத்தி விளக்குமாறு என்கிறாள், இவள் வாரியல் என்கிறாள். எதைச் சொல்லிக் கொடுப்பது? ஆங்கிலம் என்றால் உலகம் முழுதும் ஒரே சொல். குழப்பம் இல்லை" என்றார்.

உலகம் முழுதும் ஒரே சொல்லாம்! அவர் உயர்த்திப் பிடித்த அந்தப் புரூம்சுடிக்கையே எடுத்துக்கொள்வோமே. ஆங்கிலருக்கு அது துடைப்பத்தின் காம்பு, வெறுங்கோல்! கதைகளில் பேய்க்கிழவிகள் ஏறிப் பறக்கும் கோல். முழுத் துடைப்பத்திற்கு அவர்கள் வழங்கும் சொல் 'புரூம்', அல்லது 'பிரசு'. நம் பிள்ளை இலண்டனுக்குப் போய்ப் புரூம்சுடிக்கு வேண்டுமென்றால் கடைக்காரன் காம்பை எடுத்து நீட்டக்கூடும். தமிழ்நாட்டு ஆங்கிலத்தைத்தான் உலக ஆங்கிலம் என்று எண்ணி, அதன்பொருட்டுத் தாய்மொழிச் சொல்லை எள்ளி நகையாடுகின்றார்கள்!

சந்தைக்குச் செல்வோம். நம் ஆங்கிலவழிப் பிள்ளைகள் கத்தரிக்காயைப் 'பிரிஞ்சால்' என்று நெட்டுருப் போடுகின்றனர். அச்சொல்லை இங்கிலாந்தின் காய்கறிக் கடையில் சொன்னால் விழிப்பான். அவனுக்கு அது 'ஓபர்சீன்'. அமெரிக்கனுக்கோ 'எக்பிளாண்ட்டு', முட்டைச் செடி! பிரிஞ்சால் என்பதே போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல்லின் திரிபு. குடைமிளகாய் நமக்கும் ஆத்திரேலியனுக்கும் 'கேப்சிகம்'; அமெரிக்கனுக்குப் 'பெல்பெப்பர்'; இங்கிலாந்தில் வெறும் 'பெப்பர்'. கொத்துமல்லித் தழையை ஆங்கிலன் 'கோரியாண்டர்' என்பான். அமெரிக்கன் 'சிலாண்ட்ரோ' என்பான்.

மாங்காட்டார்க்கு இதனினும் சுவையான செய்தியொன்று உண்டு. மா நிறைந்த காடு மாங்காடு. தமிழ், மலையாளக் கரைகளில் வழங்கிய அந்த மாங்காய்தான் போர்த்துக்கீசியர் வாயில் 'மங்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'மாங்கோ' ஆயிற்று. பழம் அழுகாமல் அத்தனைத் தொலைவு செல்லாதாகையால் மேலைநாட்டுக்கு அது முதலில் ஊறுகாயாகவே போய்ச் சேர்ந்தது. அதனால் ஊறவைத்த பிற காய்களுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் ஓகையோ, இந்தியானா பகுதிகளில் முதியோர் சிலர் குடைமிளகாயை 'மாங்கோ' என்றே அழைத்து வந்தனர்! நம் மாங்காய் அங்கே மிளகாய் ஆயிற்று. அதற்காக அந்நாட்டார் ஆங்கிலத்தைக் குழப்பமொழி என்று கைகழுவினார்களா?

கன்னெய் விற்கும் இடத்தைப் பாருங்கள். இலண்டனில் பெட்ரோல் நிலையம். அமெரிக்காவில் 'கேசு' நிலையம். நமக்குக் கேசு அடுப்பில் எரிவது, அவனுக்கு மகிழுந்தில் ஊற்றுவது. தில்லிக்காரனுக்குப் பம்ப்பு, சென்னைக்காரனுக்குப் பங்க்கு, கொழும்பில் செட்டு, ஆத்திரேலியாவில் 'சர்வோ'. ஒரே பொருள், ஒரே மொழி, இத்தனைப் பெயர்! இனி, 'பேவ்மெண்ட்டு' என்பது ஆங்கிலனுக்கு நடைபாதை. அமெரிக்கனுக்கோ வண்டி ஓடும் தளம். முன்னவன் நடக்கச் சொன்ன இடத்தில் பின்னவன் வண்டி ஓட்டுவான். நாமோ நடைபாதையைப் 'பிளாட்பாரம்' என்கிறோம். அவ்விருவருக்கும் அது தொடர்வண்டி வந்து நிற்கும் மேடை. மின்தூக்கி, மகிழுந்தின் பின்பெட்டி என்று அடுக்கினால் இதழ் முழுதும் போதாது.

இவ்வேறுபாட்டை ஆங்கிலம் பேசுவோர் இழிவாகவா கருதினர்? 1828-இல் நோவா வெப்சுடர் அமெரிக்க ஆங்கிலத்திற்கென்றே தனி அகரமுதலி வெளியிட்டார். இங்கிலாந்தின் சிற்றூர்ச் சொற்களைத் தொகுத்து 1898 முதல் 1905 வரை ஆறு மடலங்களாக வெளியிட்டவர் சோசப்பு ரைட்டு. யார் இவர்? யார்க்சயர் ஆலையொன்றில் இளமையிலேயே கூலி வேலைக்குப் போனவர். பதினைந்து அகவைவரை எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரே பின்னர் ஆக்சுபோர்டில் பேராசிரியர் ஆனார். தம் ஊர்ப் பேச்சை மறைத்துக்கொண்டு அவர் பேராசிரியர் ஆகவில்லை. அதனை நூலாக்கி நிலைநிறுத்தினார். அமெரிக்கரோ 1965 முதல் 1970 வரை 1002 ஊர்களுக்கு ஆள் விடுத்து, ஆயிரத்தறுநூறுக்கும் மேற்பட்ட வினாக்கள் கேட்டு, வட்டாரச் சொல்லெல்லாம் திரட்டினர். அவ்வகரமுதலியின் முதல் மடலம் 1985-இல் வந்தது. ஐந்தாம் மடலம் 2012-இல் வந்தது. அத்தனை ஆண்டு உழைப்பு! தன் வாரியலைத் தேடி ஊரூராய் அலைந்தவன் மொழியைக் காட்டி, நம் வாரியலைக் குப்பையில் போடச் சொல்கின்றார்கள்.

நமக்கு இது புதிதா? சொல்லை நான்காகப் பகுத்த தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு அந்நான்கனுள் ஓரிடம் தந்தார். பன்னிரு நிலத்துச் சொல்லையும் வரவேற்றார், விரட்டவில்லை.

அச்சிறுமியின் சொல்லுக்கு வருவோம். வாருதல் என்னும் வினையிலிருந்து வாரியல். வாருகோல் என்பதும் அதன் உடன்பிறப்பே. துடைத்தலினின்று துடைப்பம். விளக்குதல் என்றால் தூய்மை செய்தல், மாறு என்பது மிலாறுக் கட்டு, ஆகவே விளக்குமாறு. கொங்கு நாட்டார் சீமாறு என்பர். சீத்தல் என்பது கூட்டித் துடைத்தலைக் குறிக்கும் பழந்தமிழ் வினை. ஈழத்தார்க்குத் தும்புத்தடி, தென்னந்தும்பால் ஆனது. ஒவ்வொரு சொல்லும் அப்பொருளின் ஒவ்வொரு தன்மையைக் காட்டி நிற்கின்றது. கேட்ட அளவிலேயே பொருள் விளங்குகின்றது. புரூம்சுடிக்கு என்னும் சொல் அந்தச் சிறுமிக்கு எதனைக் காட்டும்? ஒன்றுமில்லை!

குழப்பம் என்கிறாரே, எங்கே குழப்பம்? தொழிற்பேட்டைகளை நம்பி எல்லா மாவட்டத்தாரும் வந்து குடியேறிய ஊர் இன்றைய மாங்காடு. அம்மன் கோயில் பக்கம் ஒரு கடையில் அரைமணி நேரம் நின்று பார்த்தோம். ஓர் அம்மையார் துடைப்பம் கேட்டார். மதுரைக்காரர் ஒருவர் விளக்குமாறு கேட்டார். கடைக்காரர் இருவருக்கும் ஒன்றையே எடுத்துக் கொடுத்தார். யாமும் வேண்டுமென்றே "சீமாறு உண்டா?" என்றோம். "தென்னையா, பூவா?" என்றுதான் கேட்டார். படித்தவருக்கு வந்த குழப்பம் அந்தக் கடைக்காரருக்கு வரவில்லை!

நம்மவரையும் ஒரு சொல் கண்டிக்க வேண்டியுள்ளது. தனித்தமிழ் அன்பர் சிலர் வட்டாரச் சொல் அனைத்தையும் கொச்சை என்று தள்ளுகின்றனர். 'வாயப்பயம்' கொச்சை, ஒலிப்புத் திருத்தப்பட வேண்டியது. 'வாரியல்' கொச்சையன்று, வேர் உள்ள சொல். இவ்வேறுபாடு அறியாதார் அந்த ஆசிரியர் அம்மையாருக்கே துணைபோகின்றனர். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982-இல் அகராதியாக்கிய கி. இராசநாராயணன் நம் இயக்கத்தார் அல்லர். ஆயினும் நாம் செய்திருக்க வேண்டியதை அவர் செய்தார். 'நீங்கள் அடுமனை என்கிறீர்கள், ஈழத்தார் வெதுப்பகம் என்கின்றனர்; நீங்கள் பனிக்கூழ், அவர்கள் குளிர்களி; உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே' என்று நகைப்பாரும் உளர். இலிப்டும் எலிவேட்டரும் இருவேறு நாட்டில் வாழலாம். அடுமனையும் வெதுப்பகமும் வாழலாகாதோ? இரண்டும் தமிழ், இரண்டும் இருக்கட்டும்.

அன்பர்களே! அடுத்த திங்களுக்குள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, கூட்டும் கருவிக்கும், முறத்திற்கும், அடுப்பங்கரைப் பொருள்களுக்கும் அவர்கள் ஊரில் வழங்கும் பெயர்களைக் கேட்டு, ஊர்ப் பெயரோடும் பொருளோடும் எழுதி எமக்கு விடுங்கள். வந்தவற்றையெல்லாம் அச்சிடுவோம். பட்டியலின் முதற்சொல் எம்மிடம் ஏற்கெனவே உள்ளது. சிறுமியின் ஆச்சி தந்தது.