ஒரு நாள் பயணம்: எத்தனை ஊர் பார்க்கலாம்?

இத்தாலி நாட்டில் வெனிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே தெருவுக்குப் பதில் வாய்க்கால். பஸ்சுக்குப் பதில் படகு. உலகம் முழுவதும் இருந்து மக்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

அந்த நகரம் 2024-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி ஒரு புதிய கட்டணத்தைக் கொண்டுவந்தது. காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள், ஊருக்குள் நுழையவே பணம் கட்ட வேண்டும்! தலைக்கு 5 யூரோ. நம் பணத்தில் சுமார் 500 ரூபாய். அந்த ஆண்டு 29 நாட்கள் மட்டும் வசூலித்தார்கள். 2025-ல் அதை 54 நாட்களாக உயர்த்தினார்கள். கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவருக்கு 10 யூரோ என்றும் ஆக்கினார்கள்.

ஆனால் ஓட்டலில் அறை எடுத்து, இரவு அங்கேயே தங்குகிறவருக்கு இந்தக் கட்டணம் கிடையாது.

ஏன் இந்த வேறுபாடு? பகலில் மட்டும் வந்து போகிறவர் கூட்டத்தைக் கூட்டுகிறார். குப்பையைப் போடுகிறார். படம் எடுத்துக்கொண்டு ரெயில் ஏறிவிடுகிறார். ஊருக்கு அவரால் பெரிய வரவு இல்லை. இதுதான் நகரசபையின் வாதம். இதனால் கூட்டம் குறையவில்லை என்று உள்ளூர்க்காரர்கள் பலர் குறை கூறுகிறார்கள். அவர்கள் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. 1951-ல் பழைய வெனிஸ் நகரில் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேர் குடியிருந்தார்கள். இன்று 50 ஆயிரத்துக்கும் குறைவு. வீடுகளெல்லாம் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறிவிட்டன.

ரெட்டிபாளையத்துக்கு என்ன சம்பந்தம்?

அரியலூர் மாவட்டத்தில், வி.கைகாட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது ரெட்டிபாளையம். சிமெண்டு ஆலை உள்ள ஊர். வெனிசுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம்.

வெனிசுக்குப் பகல் பயணிகள் தொல்லை. அரியலூர் மாவட்டத்துக்கோ, வருகிறவர்கள் நிற்பதே இல்லை என்ற தொல்லை.

கும்பகோணத்தில் கார் அமர்த்திக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பாருங்கள். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அவர்கள் ஒதுக்குவது ஒரு மணி நேரம். சில பேர் அதுகூட இல்லை. சாப்பாடு கும்பகோணத்தில். படுக்கை சிதம்பரத்தில். நம் ஊர் இளநீர்க்காரருக்கு ஏதாவது கிடைத்தால் உண்டு.

இது வெளியூர்க்காரர் கதை. உள்ளூர்க்காரர் கதை இன்னும் மோசம். பக்கத்தில்தானே இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து, பார்க்காமலே வயதாகிப்போனவர்கள் எத்தனையோ பேர்.

2025-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி பிரதமர் மோடி கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்தார். ஆடித் திருவாதிரை விழாவில் கலந்துகொண்டு, ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். அன்று நாடு முழுவதும் அந்தக் கோயிலைப் பற்றிப் பேசியது. இப்படிப் பெயர் பரவினால் கூட்டம் வரும். வருகிற கூட்டம் நின்று பார்க்குமா, இல்லை வெனிசில் நடப்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுமா? நம் மாவட்டத்துக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி.

நேரத்தைத் தின்பது எது?

இத்தாலிக்குப் போகிற பயணிகள் ஒரு பெரிய நகரத்தில் தங்கிக்கொண்டு, தினம் ஒரு சின்ன ஊருக்குப் போய் வருகிறார்கள். புளோரன்சில் தங்கினால் பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்துக்கு ரெயிலில் சுமார் ஒரு மணி நேரம். வெனிசில் தங்கினால் பதுவா நகரம் சுமார் அரை மணி நேரம். பதுவாவில் ஜோத்தோ என்ற ஓவியர் சுவர் முழுவதும் படம் எழுதிய ஒரு சிறு கோவில் இருக்கிறது. வயது 700 ஆண்டுக்கு மேல். அங்கே முன்கூட்டியே நேரம் குறித்து டிக்கெட் வாங்க வேண்டும். உள்ளே போகுமுன் ஓர் அறையில் 15 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். பிறகு 15 நிமிடம்தான் பார்வை. ரெயிலைத் தவறவிட்டால் அந்த 15 நிமிடமும் போச்சு!

நம் ஊரில் டிக்கெட் தொல்லை இல்லை. வேறு ஒரு தொல்லை இருக்கிறது. அதுதான் நடை சாத்துவது.

நண்பகலில் நடை சாத்தினால், மாலை 4 மணி சுமாருக்குத்தான் மறுபடி திறப்பார்கள். ஒரு நாளின் நடுப்பகுதியில் நான்கு மணி நேரம் போய்விடுகிறது. இதை மறந்து திட்டம் போடுகிறவர்கள்தான் சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ரெட்டிபாளையத்தில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, கணவனின் தாயார், இரண்டு பிள்ளைகள். கணவனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அவர் காகிதத்தில் நாலு ஊர் எழுதுகிறார்: கங்கைகொண்ட சோழபுரம், திருமழபாடி, ஏலாக்குறிச்சி, கரைவெட்டி. மனைவி கேட்கிறாள்: "ஏங்க, அத்தைக்கு முட்டி வலி. நாலு ஊருக்கு எத்தனை பஸ் ஏறி இறங்கணும், எண்ணிப் பார்த்தீங்களா?"

சரியான கேள்வி. ஜெயங்கொண்டம் கிழக்கே இருக்கிறது. திருமழபாடியும் ஏலாக்குறிச்சியும் தெற்கே, கொள்ளிடக் கரைப் பக்கம். சொந்தக் கார் இல்லாதவர் இரண்டு திசையையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால், பார்ப்பது பஸ் நிலையங்களைத்தான்.

ஆகையால் ஊரை எண்ணாதீர்கள். மணியை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை போதும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் அரை நாள்

விடியற்காலை பஸ்சில் ஜெயங்கொண்டம். அங்கிருந்து வேறு பஸ். வெயில் ஏறுமுன் கோயில் வாசலில் நிற்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. டவுன் பஸ்சாகப் பார்த்து மாறி மாறிப் போனால் மனைவிக்கும் தாயாருக்கும் டிக்கெட் செலவு இல்லை. ஆனால் நேரம் கூடும். போகும்போது நேரத்தைப் பாருங்கள். திரும்பும்போது காசைப் பாருங்கள். போனவுடன் முதல் வேலையாக, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கோயில். கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன் புதிய தலைநகரத்தை இங்கே அமைத்தான். சுமார் 250 ஆண்டுக் காலம் இதுதான் சோழர் தலைநகரம். விமானத்தின் உயரம் சுமார் 55 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலைவிடக் கொஞ்சம் குட்டை. தகப்பன் கட்டிய கோயிலைவிட உயரக் கூடாது என்று மகன் நினைத்தான் என்று சொல்வார்கள். அது உண்மையோ என்னவோ, ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தஞ்சை விமானம் நேர்கோடாக ஏறும். இது உள்ளே வளைந்து ஏறும்.

முதலில் சந்நிதிக்குப் போய் லிங்கத்தைத் தரிசித்துவிடுங்கள். பெரிய லிங்கம், உயரம் சுமார் 13 அடி. நடை சாத்தும் நேரம் நெருங்கும்போது வெளியே வந்து சுவர்ச் சிற்பங்களைப் பாருங்கள். பல பேர் இதைத் தலைகீழாகச் செய்து ஏமாறுகிறார்கள்.

வடக்கு வாசல் பக்கம் ஒரு சிற்பம் இருக்கிறது. சிவபெருமான் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் சண்டேசர் கைகூப்பி இருக்கிறார். அவர் தலையில் சிவன் தம் கையாலேயே மாலையைச் சுற்றுகிறார். அந்தச் சண்டேசர் ராஜேந்திரனையே குறிக்கிறார் என்று சிலர் கருதுகிறார்கள். ஒரு மணி நேரப் பயணி இதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். நீங்கள் பத்து நிமிடம் நில்லுங்கள். அந்த விரல்களைப் பாருங்கள்.

பெரிய மதில் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, மதில் கற்களை உடைத்துக் கொண்டுபோனார்கள். அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போகிறவர் பார்க்கும் அணையில் இந்தக் கோயிலின் கல்லும் இருக்கிறது. வயல் செழித்தது உண்மை. அதற்காகக் கோயில் மதிலை உடைத்ததைச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மத்தியான வெயிலில் மர நிழலில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரியுங்கள். தாயார் அங்கேயே இளைப்பாறட்டும். தெம்பு உள்ளவர்கள் மாளிகைமேடு போய் வரலாம். தோண்டிப் பார்த்ததில் சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளிப்பட்ட இடம் அது. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியும் பக்கத்தில்தான். இப்போது பொன்னேரி என்கிறார்கள்.

வெளியூர்க்காரர் ஓடிவிடுவது அவர்கள் தப்பு மட்டும் அல்ல. முதியவர் உட்கார நிழல், சுத்தமான கழிப்பிடம், ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் வரும் பஸ், நல்ல சாப்பாட்டுக் கடை - இவை நிறைய இருந்தால் ஒரு மணி நேரம் அரை நாள் ஆகும். யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 2004-ல். அந்தப் பெருமையைச் சோறாக மாற்றும் வேலைதான் இன்னும் பாக்கி.

காலுக்கடியில் ஒரு கடல்

மழை நாளாக இருந்தால் தூரம் போக வேண்டாம். அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. நத்தைபோல் சுருண்ட கல்லை அங்கே காணலாம். அதற்கு அம்மோனைட் என்று பெயர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலாக இருந்தபோது வாழ்ந்த பிராணி.

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்தது. டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் என்றார்கள்.

சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் தந்ததுதான். சிப்பியும் ஓடும் படிந்து படிந்து கல்லானது. ஆலையில் வேலை செய்கிற அப்பா, தினமும் அந்தக் கடலைத்தான் வெட்டுகிறார் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். வெட்டும்போது புதைபடிவங்களும் அரைபட்டுப் போகின்றன. அதனால்தான் அருங்காட்சியகத்தில் இருக்கும் சில கற்களுக்கு அவ்வளவு மதிப்பு.

குளிர்காலம் என்றால் கரைவெட்டி. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் ஏரி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டுப் பறவைகள் வரும். 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இதன் பெயரும் அறிவிக்கப்பட்டது. விடியலில் போனால்தான் பயன்.

ஏலாக்குறிச்சியை வேறொரு ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள அடைக்கல மாதா கோவில் வீரமாமுனிவர் பெயரோடு சேர்ந்தது. அவர் 1680-ல் பிறந்தது இத்தாலியில், மாந்துவா பக்கத்தில் உள்ள காஸ்திலியோனே என்ற ஊரில். வெனிசுக்கு மேற்கே இருக்கிறது. சுமார் 30 வயதில் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் கற்றார். தேம்பாவணி பாடினார். சதுரகராதி தொகுத்தார். பரமார்த்த குருவின் கதையை எழுதிச் சிரிக்க வைத்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அதன்மேல் ஒரு கலம்பகமும் பாடினார். 1747-ல் இறக்கும் வரை அவர் இத்தாலிக்குத் திரும்பவே இல்லை.